போகிக்குள் காலியாக வேண்டிய டப்பா: வீட்டில் டிசம்பர் சாக்லேட் வழக்கத்தைத் தொடங்குவது எப்படி

சென்னையில் சாக்லேட்டுக்கென்று ஒரு பருவம் உண்டு. டிசம்பர் முதல் தேதி தொடங்கி போகியோடு முடிந்துவிடும். மற்ற மாதங்களிலும் சாக்லேட் சாப்பிடுகிறோம்தான். ஆனால் அது கடை ஃபிரிட்ஜிலிருந்து நம் வீட்டு ஃபிரிட்ஜுக்கு ஓடி வந்து ஒளிந்துகொள்ளும் சாக்லேட். கோகோ வெண்ணெய் 33, 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நம் ஊர் மே மாத வெயிலோ 37, 38-ஐச் சர்வசாதாரணமாகத் தொடுகிறது. அப்போது உறையைப் பிரித்தால் பாதி உறையோடு வந்துவிடும், மீதியை வழித்துத்தான் சாப்பிட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் மட்டும் பகலில் 29, 30 டிகிரி, விடியற்காலையில் 21, 22 என்று இறங்கும். அலமாரியில் வைத்தது வைத்தபடி இருக்கும். உடைத்தால் 'டக்' என்று சத்தம் கேட்கும்.

அந்த ஆறு வாரத்தை வீட்டில் ஒரு வழக்கமாக ஆக்கிக்கொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராயபுரம், காசிமேடு, பெரம்பூர் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களில் டிசம்பர் என்றாலே கல்கல், அச்சு முறுக்கு, பிளம் கேக் என்று ஒரு வரிசை ஏற்கெனவே இருக்கிறது. சாக்லேட் அதன் ஓரமாக ஒட்டிக்கொண்டு வரும். மற்ற வீடுகளில் அதுவும் இருக்காது. எந்த வீட்டிலும் இதைத் தொடங்கலாம், அதற்குச் சாமி, சாதி, சபை எதுவும் தடையில்லை. வருஷம் முழுக்கக் கண்டபடி வாங்கித் தின்பதைக் குறைத்து, தேதி, டப்பா, பங்கு என்ற மூன்றையும் வைத்துக்கொண்டால் அதே பணத்துக்கு நல்ல சாக்லேட்டே கிடைக்கும் என்பது என் கட்சி.

முதலில் டப்பா

தகர டப்பாவாக இருக்கட்டும். மண்ணடியிலும் ராயபுரத்திலும் துபாய்க்கும் சவூதிக்கும் ஆள் போன வீடுகளில் ஒரு குவாலிட்டி ஸ்ட்ரீட் டப்பா நிச்சயம் கிடக்கும். உள்ளே நூல்கண்டு, ஊசி, பித்தான், பழைய ரேஷன் கார்டு. அதைக் காலி செய்து, கழுவி, ஒரு நாள் வெயிலில் காய வைத்தால் போதும். அந்த டப்பாவுக்கும் ஒரு கதை உண்டு. 1936-ல் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் மெக்கின்டாஷ் கம்பெனி அதைக் கொண்டுவந்தபோது, பெட்டியில் அடுக்கிய சாக்லேட் என்பது வசதியானவர்கள் வாங்கும் சமாச்சாரம். உழைக்கிற குடும்பமும் வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளும் விலையில் விற்க வேண்டும் என்றுதான் வண்ணக் காகிதம் சுற்றி, தகர டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள்.

மசாலா, பூண்டு, ஊதுபத்தி, கற்பூரம் இருந்த டப்பா ஆகாது. கொழுப்புள்ள எந்தப் பொருளும் பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும், சாக்லேட் அதில் முதல் வரிசை. கருவாடு வைக்கும் அலமாரிக்குள் டப்பாவை வைத்தால் என்ன ஆகும் என்று காசிமேட்டுக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

டப்பா கிடைத்ததும் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து விதியைச் சொல்லிவிடுங்கள். டிசம்பர் ஒன்றுக்கு முன் யாரும் திறக்கக் கூடாது. போகி அன்றைக்குள் காலியாகிவிட வேண்டும், ஏனென்றால் மறுநாள் காலை சர்க்கரைப் பொங்கல் வந்துவிடும். வேறு விதி வேண்டாம். விதி கூடினால் முதலில் மீறுவது பெரியவர்கள்தான்.

எவ்வளவு வாங்குவது

கணக்கு சுலபம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து கிராம். பெரிய பாரில் இரண்டு கட்டம் அந்த அளவு வரும். வெளிநாட்டு உருண்டையில் ஒன்று பன்னிரண்டரை கிராம். நாலு பேர் வீட்டில் டிசம்பர் 24 வரை 960 கிராம் ஆகிறது. அக்கம்பக்கத்துக்குத் தட்டு கொடுக்கவும் கிறிஸ்துமஸுக்குப் பிறகு கொறிக்கவும் இன்னொரு அரைக் கிலோ. ஆக ஒன்றரைக் கிலோ. இதற்கு மேல் வாங்கினால் போகிக்குள் முடியாது, விதி உடையும்.

பெட்டியின் அளவைப் பார்த்து வாங்காதீர்கள். நிகர எடையைப் பார்த்து, நூறு கிராமுக்கு எத்தனை ரூபாய் என்று போனிலேயே வகுத்துவிடுங்கள். ஐவரி கோஸ்ட், கானா இரண்டு நாடும் சேர்ந்துதான் உலகக் கோகோவில் பாதிக்கு மேல் விளைவிக்கின்றன. அங்கே விளைச்சல் கெட்டுப்போய், 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கோகோ டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. அப்போதிருந்து பல கம்பெனிகள் விலையை ஏற்றின, அல்லது எடையைக் குறைத்தன, சிலர் இரண்டையும் செய்தார்கள். அட்டைப் பெட்டி மட்டும் இளைக்கவில்லை.

ஒன்றரைக் கிலோவையும் ஒரே வகையில் வாங்கினால் பத்தாம் தேதியே அலுத்துவிடும். பாதிக்குப் பாதி, குழந்தைகளுக்குப் பிடித்த சாதாரண மில்க் சாக்லேட், பக்கத்துக் கடையிலேயே வாங்கலாம். கால் பங்கு பெட்டியில் வரும் வெளிநாட்டு வகை. மிச்சக் கால் பங்குக்கு நம் பக்கத்துக் கோகோவில் செய்த டார்க் சாக்லேட்டை வாங்கிப் பாருங்கள். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராகக் கோகோ போடுகிறார்கள். அந்தக் கொட்டையை வாங்கி நொதிக்க வைத்து, வறுத்து, அரைத்து பார் செய்கிறவர்கள் இப்போது தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். விலை உறைக்கும். அதனால் அதை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிமுனைப் படலம்

வெளிநாட்டுச் சாக்லேட்டுக்கு வடசென்னைக்காரர்கள் ரொம்ப தூரம் போக வேண்டாம். மண்ணடி மெட்ரோவிலோ ஹைகோர்ட் மெட்ரோவிலோ இறங்கினால் நடக்கிற தூரம்தான். ராஜாஜி சாலையில் பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969-ல் உருவான கடைத்தெரு. சென்ட், டார்ச், போன் கவர்களுக்கு நடுவே சாக்லேட்டும் தொங்கும். இன்னொரு பக்கம் சவுகார்பேட்டையில் காசி செட்டி தெரு. அங்கே பொம்மை, ஃபேன்சி சாமான்களோடு இறக்குமதிச் சாக்லேட் பெட்டிகளும் மொத்தமாக வரும்.

போக வேண்டிய நேரம் நவம்பர் கடைசி வாரம், வார நாளில், காலை பதினொரு மணி வாக்கில். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பல மூடியிருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் போனால் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது, பேரம் பேசக் கடைக்காரருக்கும் நேரம் இருக்காது.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது பெட்டியை அல்ல, பெட்டி இருந்த இடத்தை. தெருவைப் பார்த்து வெயில் படுகிற முகப்பில் அடுக்கியதை எடுக்காதீர்கள். "அண்ணே, உள்ள இருக்கிறதுல ஒண்ணு குடுங்க" என்றால் எடுத்துத் தருவார்கள். அடுத்தது தேதி. "போன வாரம் வந்த சரக்கு தம்பி, புதுசு" என்பார். வந்தது போன வாரமாகவே இருக்கட்டும், செய்தது எப்போது என்பதுதான் கேள்வி. போனில் டார்ச் போட்டுப் படித்துவிடுங்கள். தேதி மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வாங்க வேண்டாம்.

பெட்டியைப் பிரித்துப் பார்க்க விடமாட்டார்கள். அது நியாயம்தான். அதனால் அதே கடையில், அதே அலமாரியில் இருக்கும் ஒரு சின்ன பாரைக் காசு கொடுத்து வாங்கி, அங்கேயே நின்று பிரியுங்கள். மேல்பக்கம் பளபளப்பாக, கட்டத்தின் ஓரங்கள் கூர்மையாக இருந்தால் அந்த அலமாரி நல்ல அலமாரி. ஓரம் மழுங்கி, மேலே சாம்பல் பூத்தாற்போல் வெள்ளைப் படலம் இருந்தால் அந்தச் சரக்கு எங்கேயோ ஒரு முறை உருகி, பிறகு இறுகியிருக்கிறது. அந்தக் கடையில் பெட்டி வாங்காமல் நகர்ந்துவிடலாம். பாருக்குப் போன காசு, பெட்டிக்குப் போகாமல் தப்பிய காசு.

ஒரு துணைச் செய்தி: டோப்லரோன் சாக்லேட்டின் அட்டையில் மேட்டர்ஹார்ன் மலையைக் காணோமே, போலியோ என்று பயப்படாதீர்கள். உற்பத்தியில் ஒரு பகுதியை ஸ்லோவாக்கியாவுக்குக் கொண்டுபோனதால், சுவிட்சர்லாந்தின் அந்த மலைப் படத்தை எடுத்துவிடப் போவதாக 2023-ல் கம்பெனியே அறிவித்தது. இப்போது அங்கே பொதுவான ஒரு மலை இருக்கும்.

வளைகுடாவிலிருந்து மாமாவோ மச்சானோ டிசம்பரில் வருவதாக இருந்தால் இந்த அலைச்சலே வேண்டாம். சாக்லேட்டைச் செக்-இன் பெட்டியின் நடுவில், துணிகளுக்கு இடையே வைக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் வைத்தால் விமான நிலையத் தரையில் வாங்கும் சூடு நேரே உள்ளே போகும்.

உறையின் பின்பக்கம்

இதை ஒரு தடவை கற்றுக்கொண்டால் வாழ்நாளுக்கும் போதும். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகத்தான் அச்சிட வேண்டும் என்பது சட்டம். முதலில் சர்க்கரை என்று இருந்தால் அது சர்க்கரைதான், கோகோ அதற்கு வாசனை. அடுத்து கொழுப்பு என்ன என்று பாருங்கள். 'கோகோ பட்டர்' என்று இருந்தால் அசல் சாக்லேட். அதற்குப் பதில் 'ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்', பாமாயில் கொழுப்பு என்று இருந்தால் அது காம்பவுண்ட். காம்பவுண்ட் நாக்கில் சட்டென்று கரையாது, மேலண்ணத்தில் மெழுகுப் பூச்சு விட்டுப் போகும். விலை குறைவு, வெயிலையும் கொஞ்சம் தாங்கும். தங்கக் காசு சாக்லேட், வலைப் பையில் வரும் பொம்மைச் சாக்லேட் எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. குழந்தைகளுக்கு அதில் குறை தெரியாது, பெரியவர்கள் காசு கொடுத்து அதை வாங்க வேண்டாம்.

இறக்குமதிப் பெட்டி என்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, பதினாலு இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், எம்.ஆர்.பி. எல்லாம் இந்திய ஸ்டிக்கரில் இருக்க வேண்டும். ஸ்டிக்கரே இல்லாத பெட்டி விலை குறைவாகக் கிடைக்கும், ஏதாவது ஆனால் கேட்க ஆள் கிடைக்காது.

சைவத்துக்கான பச்சைப் புள்ளியா, அசைவத்துக்கான பழுப்பு முக்கோணமா என்பதும் வடசென்னையில் முக்கியம், தட்டு பல வீட்டுக்குப் போகும். முட்டை சேர்த்தாலே பழுப்புதான். சவுகார்பேட்டை ஜெயின் குடும்பத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் பச்சைப் புள்ளி கட்டாயம். முஸ்லிம் வீடுகளுக்குக் கொடுப்பதில் ரம், பிராந்தி, லிக்கர் என்று எதுவும் எழுதியிருக்கக் கூடாது, மார்ஷ்மெல்லோ இருந்தால் ஜெலட்டின் இருக்கிறதா என்று பாருங்கள். '476' என்று ஒரு எண்ணைப் பார்த்து நிறையப் பேர் மிரளுகிறார்கள். அது ஆமணக்கு எண்ணெயிலிருந்து எடுக்கும் ஒரு பொருள், சாக்லேட் அச்சில் சுலபமாக ஓடுவதற்காகச் சேர்ப்பது. '322' லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து வருவது.

வெயில், மழை, எறும்பு

வாங்கி வந்ததைக் காப்பாற்றுவதில்தான் நம் ஊரில் பாதி வேலை.

சாக்லேட்டுக்குப் பிடித்தது 15 முதல் 18 டிகிரி, காய்ந்த காற்று. இரண்டும் நம் வீட்டில் கிடையாது. ஆனால் டிசம்பர் அறைச் சூட்டில் நல்ல சாக்லேட் உருகாமல் நிற்கும். காங்கிரீட் வீடு என்றால் மேற்குச் சுவரை ஒட்டாத, அடுப்பங்கரையிலிருந்து தள்ளிய அலமாரி. ஷீட் போட்ட வீடு என்றால் பரண் மட்டும் ஆகவே ஆகாது, வீட்டிலேயே சூடான இடம் அதுதான். தண்ணீர்க் குடங்கள் வரிசையாக நிற்கும் மூலை இருக்கிறதே, அங்கே தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வையுங்கள். ஈரம் ஏறாமல் இருக்க உள்ளே ஜிப் கவர், வெளியே தகர டப்பா.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். டிசம்பரில் தேவையில்லை. வைத்தே ஆக வேண்டும் என்றால், காற்றுப் புகாத கவரில் போட்டு, அதை டப்பாவில் அடைத்து, காய்கறித் தட்டில் வையுங்கள். எடுக்கும்போது உடனே திறக்காதீர்கள். மூடியபடியே ஒரு மணி நேரம் வெளியில் இருக்கட்டும். அவசரப்பட்டுத் திறந்தால் நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரம் அப்படியே சாக்லேட் மேல் வியர்வையாகப் படியும். அந்த நீர் சர்க்கரையைக் கரைத்துக் காய்ந்துபோக, மேலே சொரசொரவென்று வெள்ளை தட்டும்.

வெள்ளையில் இரண்டு வகை. விரலால் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு மறைவது கொழுப்பு வெள்ளை, சூட்டில் உருகி இறுகியதால் வருவது. தேய்த்தாலும் போகாமல் மணல்மணலாக நிற்பது சர்க்கரை வெள்ளை, ஈரத்தால் வருவது. இரண்டும் பூசணம் இல்லை, வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது. ருசியும் அழகும்தான் போச்சு. பாலில் போட்டுக் காய்ச்சிக் குடித்துவிடலாம்.

டிசம்பர் முதல் இரண்டு வாரம் வடகிழக்குப் பருவமழையின் கடைசிக் கட்டம். 2023-ல் மிக்ஜாம் புயல் வந்தது சரியாக டிசம்பர் முதல் வாரத்தில்தான். பல தெருக்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை, தரைத்தள வீடுகளில் தண்ணீர் ஏறியது. அந்த மாதிரி நாளில் ஃபிரிட்ஜ் வெறும் இரும்புப் பெட்டி. மழை எச்சரிக்கை வந்ததும் டப்பாவை ஸ்டூலிலிருந்து உயரத்துக்கு மாற்றுங்கள். வெயில் இல்லாத அந்த இரண்டு, மூன்று நாள் பரணில் இருந்தாலும் பரவாயில்லை.

அப்புறம் எறும்பு. மழை வந்தால் அவையும் உள்ளே குடியேறும். ஒரு அகலத் தட்டில் ஒரு விரற்கடைத் தண்ணீர் விட்டு, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் டப்பா. பாட்டி காலத்து வழி, இன்னும் இதற்கு மேல் ஒன்று வரவில்லை. தண்ணீரை நாலு நாளுக்கு ஒரு முறை கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு வளரும்.

தினம் ஒன்று

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாட்களை ஒவ்வொன்றாக எண்ணும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் தொடங்கியது. நாளுக்கு ஒரு கதவு வைத்த அட்டையும், கதவுக்குப் பின்னால் சாக்லேட்டும் வந்தது அதற்கு வெகு நாள் கழித்துத்தான். இப்போது 24 கதவு வைத்த அட்டை இங்கேயும் விற்கிறது. வாங்க வேண்டாம். விலையில் பெரும் பங்கு அட்டைக்குத்தான் போகிறது, உள்ளே இருப்பது நகத்தளவு காம்பவுண்ட்.

வீட்டிலேயே செய்யலாம். காலித் தீப்பெட்டி 24 சேர்த்துக்கொள்ளுங்கள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வண்ணக் காகிதம் வாங்கி ஒட்டி, ஆறுக்கு நாலு வரிசையாக ஒரு அட்டையில் பதித்து, ஒன்றிலிருந்து 24 வரை எண் எழுதுங்கள். குழந்தைகளுக்கு இதுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. சாக்லேட்டைத் தீப்பெட்டிக்குள் முன்கூட்டியே நிரப்பிவிட்டால் எறும்புதான் கொண்டாடும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துண்டுச் சீட்டு மட்டும் போதும். "சிவப்பு உறை ஒன்று", "தாத்தா தேர்வு செய்வார்", "இன்று பாதி, தம்பிக்குப் பாதி", "இன்று கிடையாது, நாளைக்கு இரண்டு" என்று எழுதிவையுங்கள். கடைசிச் சீட்டு வருகிற அன்று சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

டிசம்பர் 6 புனித நிக்கோலாஸ் திருநாள். நாலாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மைரா நகரத்தின் ஆயர் அவர். வரதட்சணைக்கு வழியில்லாத ஒரு வீட்டின் மூன்று பெண்களுக்காக ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் தங்கத்தைப் போட்டுவிட்டுப் போனார் என்பது கதை. அதை வைத்துத்தான் ஐரோப்பாவில் அன்றைக்குக் குழந்தைகளுக்குத் தங்கக் காசுச் சாக்லேட் கொடுக்கிறார்கள். வலைப் பையில் வரும் காசு ஒன்று வாங்கி, முந்தின ராத்திரி பள்ளிக்கூட ஷூவுக்குள் போட்டுவிடுங்கள். ஷூவைத் துடைத்துவிட்டுப் போடுங்கள், காசின் தகட்டுக் காகிதம் அவ்வளவு இறுக்கமாக இருக்காது.

வீட்டில் ஒரு தட்டு செய்வதென்றால்

அசல் சாக்லேட்டை உருக்கி அச்சில் ஊற்றிப் பளபளப்பாக எடுப்பது கடினம். டார்க் என்றால் 45, 50 டிகிரி வரை உருக்கி, 27-க்கு ஆறவிட்டு, மறுபடி 31, 32-க்குக் கொண்டுவர வேண்டும். கோகோ வெண்ணெய் சரியான படிகமாக உறைவதற்கு இந்த ஏற்ற இறக்கம் தேவை. ஏசி இல்லாத அடுப்பங்கரையில் பகலில் 27-க்கு ஆறவே ஆறாது. ஆசைப்பட்டால் வாசலில் கோலம் போடும் நேரத்தில், ஐந்து மணிக்கு எழுந்து முயற்சி செய்யுங்கள்.

முதல் வருஷத்துக்கு டார்க் காம்பவுண்ட் கட்டியே போதும், இங்கே மட்டும் அதற்கு என் சம்மதம் உண்டு. 400 கிராம் கட்டியைக் கத்தியால் சீவிக்கொள்ளுங்கள். நல்ல பேரீச்சம்பழம் அரைக் கிலோ எடுத்துக் கொட்டையை நீக்கி, உள்ளே வறுத்த பாதாம் ஒன்று வைத்து மூடுங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, தண்ணீரில் படாதபடி மேலே இன்னொரு பாத்திரம் வைத்து, அதில் சீவலைப் போட்டுக் கிளறுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தாலும் மொத்தமும் களிமண்ணாகத் திரண்டுவிடும். அதனால் கரண்டி, பாத்திரம், கை எல்லாம் உலர்ந்திருக்க வேண்டும். பழத்தை ஒவ்வொன்றாக முள்கரண்டியில் எடுத்து முக்கி, பாத்திர விளிம்பில் தட்டி வடியவிட்டு, பட்டர் பேப்பரில் வையுங்கள். பாதி உறையும்போது மேலே இரண்டு கல் உப்பைப் பொடித்துத் தூவுங்கள். வெளியில் கசப்பு, உள்ளே தித்திப்பு, நடுவில் கரகரப்பு. என்னைக் கேட்டால் கடையில் வாங்கிய பெட்டியில் பாதிக்கு இது மேல்.

சாப்பிடும் முறை

இதற்கு முறை வேறா என்று கேட்கலாம். டிசம்பர் 24 வரை தினப்படி ஒன்றுக்கு முறை வேண்டாம். ஒரு நாள் சாயங்காலம் மட்டும் எல்லோரும் உட்கார்ந்து நாலைந்து வகையை வரிசையாக ருசி பாருங்கள். டார்க்கில் தொடங்கி, மில்க், கடைசியில் ஒயிட். வரிசையை மாற்றினால் ஜாங்கிரி சாப்பிட்ட வாயில் காபி குடித்த கதைதான், கசப்பு ஒன்றே தெரியும். நடுவில் வெதுவெதுப்பான வெந்நீர் ஒரு வாய். கடிக்காமல் நாக்கில் வைத்திருங்கள், நம் உடம்புச் சூட்டுக்கே கரையும் பொருள் அது. அரை நிமிஷத்தில் முதலில் வந்த ருசி மாறி வேறொன்று வரும். ஒருவருக்கு முந்திரி, ஒருவருக்குப் புளி, ஒருவருக்கு வெறும் சாக்லேட். எல்லாம் சரியான விடைதான்.

சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களை ஒதுக்கிவைக்க வேண்டாம், ஏமாற்றவும் வேண்டாம். 70 சதவீத டார்க்கில் பத்து கிராம் சாப்பிட்டால் ஏறக்குறைய மூன்று கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. மில்க் சாக்லேட்டில் ஐந்துக்கு மேல். கணக்கைச் சொல்லி, டாக்டர் சொன்ன அளவுக்குள் அவர்களே முடிவு செய்யட்டும்.

நாய்க்கு மட்டும் ஒரு துண்டும் போடாதீர்கள், தெரு நாயாக இருந்தாலும். கோகோவில் உள்ள தியோபுரோமின் நாய்களுக்கு விஷம். டார்க் ஆக ஆக மோசம்.

தட்டு போகும் வீடுகள்

நம் பக்கம் தட்டு இல்லாமல் பண்டிகை கிடையாது. தீபாவளிக்கு அதிரசம் வந்த தட்டும், பக்ரீத்துக்குப் பிரியாணி வந்த கிண்ணமும் டிசம்பரில் திரும்பிப் போக வேண்டியவை. கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடு என்றால் கல்கல், அச்சு முறுக்கு, ஒரு துண்டு கேக், அதன் ஓரத்தில் நாலு சாக்லேட். கொண்டாடாத வீடு என்றால் சாக்லேட்டும், அதில் முக்கியெடுத்த பேரீச்சம்பழமும் மட்டும் போதும். "என்னம்மா, கேக் இல்லியா இந்த வருஷம்?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார்கள். "உங்க பக்கத்துலயிருந்து முறுக்கு வரட்டும்க்கா, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிடலாம். சாக்லேட்டை மதிய வெயிலில் கொண்டுபோகாமல் விளக்கு வைத்த பிறகு கொடுங்கள். சூடான பலகாரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

சர்ச் இளைஞர்கள் கேரல் ரவுண்ட் வரும் ராத்திரிகளில் கிறிஸ்துமஸ் தாத்தாவோடு ஒரு கூட்டமே வாசலுக்கு வரும். அதற்கு டப்பாவைத் திறந்தால் ஒரே இரவில் காலி. முறுக்கிய உறைபோட்ட டாஃபி ஒரு பாக்கெட் தனியாக வாங்கி வாசல் பக்கத்தில் வையுங்கள். அவர்களும் ஓடிக்கொண்டே வாயில் போட அதுதான் வசதி.

ஜனவரி

கிறிஸ்துமஸுக்குப் பிறகு வேகம் தானாகவே குறையும். ஜனவரி 6 மூவரசர் திருநாள். பல வீடுகளில் வாசல் நட்சத்திரத்தை அன்றோடுதான் இறக்குவார்கள், டப்பாவை ஒரு முறை கிளறிப் பார்க்கவும் அது நல்ல நாள். யாரும் தொடாத ஒரு வகை அடியில் கிடக்கும், எங்கள் வீட்டில் அது எப்போதும் ஆரஞ்சு. அடுத்த வருஷம் வாங்க வேண்டாம் என்று டப்பா மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிவிடுங்கள். எது முதலில் தீர்ந்தது என்பதையும் எழுதுங்கள். மிச்சம் இருப்பதை உடைத்து, கால் லிட்டர் பாலுக்கு நாற்பது கிராம் வீதம் போட்டு, ஒரு சிட்டிகை சுக்குத்தூளோடு காய்ச்சினால் போகி விடியலில் பழைய பாயைக் கொளுத்தக் கிளம்பும் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் ஆகும். பாயைக் கொளுத்த விடாமல் இருப்பது உங்கள் பாடு.

ஈஸ்டர் முட்டையும் இந்த வழக்கத்தில் சேருமா என்றால், நம் ஊரில் சாக்லேட் முட்டை வேண்டாம் என்பேன். இங்கிலாந்தில் 1873-லேயே ஃப்ரை கம்பெனி உள்ளே கூடான சாக்லேட் முட்டை செய்துவிட்டது, ஆனால் அங்கே ஏப்ரல் குளிர். ஈஸ்டர் எப்போதும் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் வரும். அந்த மெல்லிய ஓடு பெரம்பூர் வெயிலில் பைக்கில் வீடு வந்து சேராது. நம் பேக்கரிகளில் கிடைக்கும், முந்திரியும் சர்க்கரையும் அரைத்துச் செய்யும் மர்சிபான் முட்டை, சர்க்கரை முட்டைதான் அந்தச் சீசனுக்குச் சரி. குருத்தோலை ஞாயிறுக்கு முன்பே சொல்லிவைத்தால் மேலே பிள்ளைகளின் பெயரையும் எழுதித் தருவார்கள்.